ஸ்டெட்ஃபாஸ்ட்: எங்கே, எப்படிப் பயன்படுத்துவது

‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ (steadfast) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள், கொண்ட கொள்கையிலும் வைத்த பற்றிலும் அசையாமல் நிற்பது. முதல் அசை குறில். ‘ஸ்டீட்’ என நீட்டாதீர்கள். பின்பாதியிலுள்ள ‘ஃபாஸ்ட்’டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் முன்பாதி ‘இடம்’, பின்பாதி ‘இறுகப் பதிந்தது’. நின்ற இடத்தில் ஊன்றி நிற்பதுதான் மூலப்பொருள்.

எதில் உறுதி என்று சொல்ல ‘இன்’ சேருங்கள்: ‘ஷீ ரிமெய்ன்ட் ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ஹெர் சப்போர்ட்’, அதாவது ஆதரவை அவர் விலக்கிக்கொள்ளவே இல்லை. மறுப்பென்றால் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்லி ரிஃப்யூஸ்ட்’, அதாவது உறுதியாக மறுத்தார்.

பலரும் சறுக்குவது ‘ஸ்டபர்ன்’ என்ற சொல்லோடு குழப்பும்போது. அது பிடிவாதம், பெரும்பாலும் குறை தொனிக்கும்; இதில் மதிப்பு இருக்கிறது. பாராட்டுக் கடிதத்தில் மாற்றிப் போட்டால் வசையாகிவிடும். மேசை, நாற்காலியின் உறுதிக்கு ‘ஸ்டர்டி’ போதும்.