முகத்தை மறைத்தால் போதாது: தோட்டத்தில் படம் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் கைப்பேசியும் சின்ன மைக்கும் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பிரச்சினைகளைப் படம் பிடிக்கிற இளைஞர்கள் இப்போது அங்கங்கே தெரிகிறார்கள். இது நடக்கத்தான் வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தண்ணீர் வராதது, சம்பளத்தில் பிடித்தம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, இதையெல்லாம் பெரிய தொலைக்காட்சி தேடி வராது. ஆனால் நல்லது செய்யப் போய் அந்த மக்களுக்கே வினையை இழுத்து விடுகிறோம், நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்யும் அக்கா ஒருவர் கையுறை கூடச் சரியாகத் தருவதில்லை என்று எங்களிடம் பேசினார். முகத்தை மங்கலாக்கினோம், பெயரைப் போடவில்லை, கடமை முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் மேற்பார்வையாளரான மண்டோர் எல்லார் முன்னாலும், "என்னக்கா, வீடியோவில நல்லா பேசுறீங்க" என்றாராம். அந்த வாரத்திலிருந்தே அவருக்கு ஆகத் தொலைவான இடத்தில் வேலை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. அறுபது வீடு உள்ள லயத்தில் குரலைக் கேட்டாலே யாரென்று தெரியும். அவர் பின்னால் இருந்த முருங்கை மரமும் நீல வாளியும் வீட்டையே காட்டிக்கொடுத்தன.

நகரத்தில் முகத்தை மறைத்தால் ஆளை மறைத்த மாதிரி. தோட்டத்தில் அப்படி இல்லை. அதனால் பயமுள்ளவரை அவர் வீட்டு வாசலில் வைத்து எடுக்காதீர்கள், டவுனில் தெரிந்தவர் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அதுவும் தோட்டத்து ஆட்கள் கண்ணில் படாத நேரமாக. குரலை மாற்றுகிற செயலியை நம்ப வேண்டாம், சுருதிதான் மாறும், பேசுகிற விதம் மாறாது. அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு வேறொருவரைப் படிக்கச் சொல்வது மேல், அப்படிச் செய்திருக்கிறோம் என்று பார்ப்பவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். கோயில் கோபுரம், மோட்டார் சைக்கிள் எண், கம்பெனி பெயர் போட்ட சட்டை, இதெல்லாம் படத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். கையுறை இல்லை என்று சொல்பவர் அந்தத் தோட்டத்தில் நாலே பேர் செய்கிற வேலையைச் செய்பவர் என்றால், சொல்லும் விஷயமே ஆளைக் காட்டிவிடும். அப்போது, "இதை யார் பார்த்தால் உங்களுக்குச் சிக்கல்?" என்று அவரையே கேளுங்கள். நம்மைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சம்மதம் கேட்பதிலும் தப்பு நடக்கிறது. கூட்டத்தில், தலைவர் பக்கத்தில் நிற்க, "பேசுறீங்களாம்மா?" என்று கேட்டால் யார்தான் முடியாது என்பார்? தனியாகக் கேளுங்கள், ஒரு ராத்திரி யோசிக்க விடுங்கள், மறுநாள் திரும்பவும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். குடியுரிமை இல்லாத பிள்ளையின் அழுத முகம் பரபரப்பாக ஓடும், ஆனால் அதே பிள்ளை அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவரை அடையாளம் காட்டுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும் அம்மாவின் கையும் பதிவு இலாகா திருப்பி அனுப்பிய கடிதமும் போதும், கடிதத்தில் இருக்கும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு.

அப்புறம், கண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுக் காகிதத்தை விட்டுவிடுவது. "சம்பளம் பத்தல" என்று ஒருவர் சொன்னால் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்றால் 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன: ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவரிடம் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டு, கைக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். லயத்து வீட்டுக்கும் தண்ணீருக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, எண் 446, குழாயைக் காட்டும்போது அதையும் சொல்லுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை எதிரியாகக் காட்டுவது எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. "வங்காளதேசிகள் வந்து எங்கள் வேலையைப் பிடுங்கிட்டாங்க" என்று நம் ஆட்கள் சொல்வார்கள், அந்தக் கோபம் நிஜம். ஆனால் அதோடு காணொலியை முடித்தால் பாதிதான் சொல்கிறோம். அந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனோடு வந்தவர், பாஸ்போர்ட் பல சமயம் அவர் கையில் இருக்காது. அடையாளப் பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்று என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமே சொல்கிறது. 2020இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்ததும் கட்டாய உழைப்புப் புகாரால்தான். அவரிடமும் மைக்கை நீட்டுங்கள், அவர் மொழி தெரிந்தவரைக் கூட்டிப் போய்.

நிர்வாகத்தின் பதிலைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். எப்போது கூப்பிட்டோம், யார் எடுத்தார், என்ன சொன்னார், எல்லாம் தேதியோடு இருக்கட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் 300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசி, தடுப்பு முகாம்களின் கொடுமையை 1995இல் வெளியிட்டார். மறுவருடம் அவர் மேல் வழக்கு, 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008இல்தான் வழக்கிலிருந்து விடுதலை. அவ்வளவு காலம் கழித்தும் எடுத்துக் காட்டுகிற மாதிரி மூலப் பதிவுகளை இரண்டு இடத்தில் வைத்திருங்கள், பேசியவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் அவற்றோடு சேர்க்காமல் தனியாக.

உள்ளே இருந்து, தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணி ஒருவர் ஆவணம் கொடுக்க முன்வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் போனவருக்குத்தான், நம்மிடம் வந்தவருக்கு இல்லை. கருத்துப் பகுதியையும் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. 2021இல் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விழுந்தது வாசகர்கள் எழுதிய கருத்துக்காக. மக்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள், நமக்கு அப்படி நடக்கும் என்று இருக்க முடியாது.

அந்த அக்காவிடம் திரும்பப் போக எனக்குப் பல மாதம் ஆனது. கேமரா எடுத்துப் போகவில்லை. மன்னிப்புக் கேட்டேன், தேநீர் கொடுத்தார், ரொம்ப நேரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது தோட்டத்துக் காணொலி எதுவானாலும் வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டுகிறோம். போன மாதம் ஒரு காட்சியில் நிறுத்தச் சொன்னார். பின்னால் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது, பெயர் அட்டையோடு. நாங்கள் மூன்று பேர் பார்த்திருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.