எந்தப் பேஸ்ட் நல்லது, டாக்டர்?

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வந்து போனவர்கூட, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்வி இதுதான். நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. "ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விலை குறைந்ததை வாங்குங்கள்" என்பேன். இவ்வளவுதானா என்பதுபோல் பார்ப்பார்கள். பேஸ்ட் விஷயத்தில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

பல்லைச் சுத்தம் செய்வது பிரஷ், பேஸ்ட் இல்லை. காலையில் எழுந்ததும் ஈறு ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவுபோல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது நேற்றுச் சாப்பிட்ட சோறு இல்லை, கிருமிகள் கூட்டமாகக் குடியேறிய படலம். அதை உரசி எடுப்பது பிரஷின் நார். பேஸ்டே இல்லாமல் வெறும் பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் பொறுமையாகத் தேய்த்தாலும் அது போய்விடும். நுரை வந்தால்தான் சுத்தம் என்பது பழக்கத்தில் வந்த நம்பிக்கை. நுரைக்காகவே சோடியம் லாரில் சல்பேட் சேர்க்கிறார்கள். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் அது இல்லாத பேஸ்டுக்கு மாறிப் பார்க்கலாம், சிலருக்குப் புண் வருவது குறைகிறது.

அப்படியானால் பேஸ்ட் எதற்கு? ஃபுளோரைடை இரண்டு வேளையும் பல்லில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட் எது உள்ளே போனாலும் அந்தக் கிருமிகள் அதை அமிலமாக்கும். வாயின் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். அப்புறம் எச்சில் மெதுவாக அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த நேரத்தில் ஃபுளோரைடு அங்கே இருந்தால் திரும்பச் சேர்வது வேகமாக நடக்கும், புதிதாகச் சேர்ந்த பகுதி அமிலத்துக்கு முன்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சொத்தையின் முதல் கட்டம் சுண்ணாம்பு வைத்தாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. அதை இப்படித் திருப்பிவிடலாம். குழி விழுந்துவிட்டால் எந்தப் பேஸ்டாலும் அடைக்க முடியாது.

சரி, கடையில் என்ன பார்ப்பது? அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். கிராம்பு, வேம்பு, கரி, உப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சோடியம் ஃபுளோரைடு, சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட், ஸ்டானஸ் ஃபுளோரைடு, இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்தியச் சட்டப்படி பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது, அந்த அளவையும் காலாவதித் தேதியையும் அச்சிட்டே ஆக வேண்டும். மூலிகைப் பேஸ்டுகளில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. வாசனையாக இருக்கும், வாய் புத்துணர்ச்சியாக இருக்கும், சொத்தையை மட்டும் தடுக்காது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று என்னிடம் வாதாடும் பெரியவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. குச்சியை நன்றாக மென்று தேய்த்தால் படலம் போகும்தான். ஆனால் அந்தக் காலத்தில் வேளைக்கு வேளை சர்க்கரை போட்ட டீ இல்லையே.

டியூபின் அடியில் இருக்கும் பச்சை, நீலம், கறுப்புப் பட்டைகள் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழு ரசாயனம் என்று. அந்தப் பட்டை, டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அடையாளம். உள்ளே இருப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தேய்க்கும் முறையில் இரண்டு விஷயம்தான் என் நோயாளிகளிடம் எடுபடுவதில்லை. ஒன்று, இரவு. காலையில் ஒரு வேளை விட்டாலும் பரவாயில்லை, இரவில் விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும், பல்லுக்குக் காவல் இருக்காது. இன்னொன்று, கொப்பளிப்பது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். நாமோ ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, நாக்கை வழித்து, தெருவுக்கே கேட்கும்படி ஓங்கரித்து முடித்தால்தான் பல் விளக்கியதாக ஒத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய ஃபுளோரைடு மொத்தமும் அதில் போய்விடும். துப்பியது போதவில்லை என்றால் ஒரு வாய்த் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். நாக்கை முதலிலேயே வழித்துவிடுங்கள். எலுமிச்சை, புளிப்பான ஜூஸ் ஏதாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கவும்.

அளவு விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நீளத்துக்கு வேண்டாம். பட்டாணி அளவு பெரியவர்களுக்கே போதும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர்கள் எடுத்து வைக்க வேண்டும். டியூபைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், ஸ்ட்ராபெர்ரி வாசனை என்றால் தின்றுவிடும்.

குழந்தைக்கும் ஃபுளோரைடு பேஸ்ட் என்றதும் எங்கள் ஊரில் அம்மாக்கள் பதறுவார்கள், காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. போர் தண்ணீரிலேயே வளர்ந்தவர்களின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இன்னமும் இருக்கின்றன. "தண்ணீரிலேயே இருக்கும்போது பேஸ்டில் எதற்கு?" என்பது நியாயமான கேள்வி. கணக்குப் பாருங்கள்: 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம். அரிசி அளவுப் பேஸ்ட் ஏறக்குறைய 0.1 கிராம், அதில் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம், குழந்தை முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். மூன்று மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் மூன்றும் வயிற்றுக்குள். மாற்ற வேண்டியது முதலில் தண்ணீரை. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத வீட்டில், துப்பத் தெரியாத குழந்தைக்கு மட்டும் ஃபுளோரைடு இல்லாத பேஸ்டை நான் எழுதிக் கொடுப்பதுண்டு. பெரியவர்களுக்கு இந்தப் பயமே வேண்டாம். அந்தக் கறை, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயது வரைதான் விழும்.

அந்தக் கறையைப் போக்கத்தான் கல்யாணம் நிச்சயமானதும் ஒயிட்னிங் பேஸ்ட் வாங்கித் தேய்க்கிறார்கள். போகாது. டீக்கறை, வெற்றிலைக்கறை போல மேலே படிந்ததைத்தான் பேஸ்ட் உரசி எடுக்கும். எனாமலுக்கு உள்ளேயே இருக்கும் கறைக்குச் சிகிச்சை தனி. சில பேஸ்டுகளில் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதுபோல ஒரு நீலச் சாயம் சேர்ப்பார்கள், கண்ணுக்குக் கொஞ்ச நேரம் வெளுப்பாகத் தெரியும். கரித்தூளையும் சிவப்புப் பல்பொடியையும் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி வெளியே தெரியும். வெளுக்கப் போய் மஞ்சளானவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள்.

பல் கூச்சத்துக்கான பேஸ்ட் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ளதை இரண்டு வேளையும் விடாமல் தேய்த்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தெரியும், நிறுத்தினால் கூச்சம் திரும்பலாம். பல பற்களில் பரவலாகக் கூசினால்தான் இது. ஒரே ஒரு பல், குளிர்ந்த தண்ணீர் பட்டு ஒரு நிமிடம் கழித்தும் வலி நிற்கவில்லை என்றால் அது பேஸ்ட் சமாச்சாரம் இல்லை, உடனே காட்டுங்கள்.

பல்லில் படியும் காரையும் பேஸ்ட் சமாச்சாரம் இல்லை. படலம் இறுகிக் கல்லானபின் எந்தப் பேஸ்டும் கரைக்காது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்திவிட்டு விரலுக்கு மாறுகிறார்கள். படலம் தங்கியதால்தான் ரத்தமே வருகிறது. மெல்லிய நாருள்ள பிரஷால் அங்கேயே மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் வாருங்கள், வரும்போது சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு வந்தால் நல்லது.

வீட்டில் யாராவது கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருந்தால் அதைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். பேஸ்டில் உள்ள நறநறப்பு அந்தப் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், கீறலில் அழுக்குத் தங்கும். சாதாரண சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கை தவறினாலும் உடையாது.