தேவதைகளைச் சுட்டது யார்? இங்கிலாந்தின் பழைய ஊர்ச் சர்ச்சுகளைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கடலோரம். பிளைத் ஆற்றின் சதுப்புநிலத்தைப் பார்த்தபடி நிற்கிறது பிளைத்பர்க் ஊரின் பரிசுத்த திரித்துவ சர்ச். ஊர் கையளவுதான், சர்ச் மட்டும் பேராலயம் போல. 'சதுப்புநிலத்துப் பேராலயம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், கூரை உத்தரங்களின் நடுவில் மரத்தில் செதுக்கிய தேவதைகள், முதுகோடு முதுகு ஒட்டி, இறக்கையை அகல விரித்து இருக்கின்றன. சாயம் இன்னும் முழுக்கப் போகவில்லை. இறக்கைகளில் ஈயக் குண்டு பாய்ந்த துளைகள். யார் சுட்டது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்: "கிராம்வெல் ஆட்கள்."

நானும் அதை நம்பி, கூட வந்த நண்பர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். கதை அவ்வளவு கச்சிதம். உண்மை வேறு. 18-ஆம் நூற்றாண்டுச் சர்ச் கணக்கேடுகளில், கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா என்ற சின்னக் காக்கைகளைச் சுடுவதற்குக் கூலியும் வெடிமருந்தும் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. தேவதைகள் மேல் பாய்ந்தது காக்கைக்கு வைத்த குறி.

இந்தக் குழப்பத்தில் பாதிப் பழி வில்லியம் டவ்சிங் என்பவருக்கும் சேரும். உருவ வழிபாடு கூடாது என்று 1643-இல் நாடாளுமன்றம் போட்ட உத்தரவின்படி, கேம்பிரிட்ஜ்ஷையரிலும் சஃபோக்கிலும் சுமார் 250 சர்ச்சுகளுக்குப் போய்ச் சிலைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் உடைக்க வைத்தவர் அவர். ஆனால் மனிதர் ஒழுங்காக நாட்குறிப்பு எழுதினார். உடைத்தது எத்தனை, உடைக்கச் சொல்லிவிட்டு வந்தது எத்தனை என்று தனித்தனியாக. 1644 ஏப்ரலில் பிளைத்பர்க் வந்தபோது 20 தேவதைகளை இறக்கச் சொன்னதாக எழுதுகிறார். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் போன பிறகும் தேவதைகள் மேலேயே இருந்தன. அந்த உயரத்துக்கு ஏணி கட்ட யாரும் மெனக்கெடவில்லை போலிருக்கிறது.

எல்லாப் பழியையும் கிராம்வெல் தலையில் போடுவது

இது முதல் தவறு மட்டுமல்ல, மிகப் பரவலான தவறும் கூட. கிராம்வெல் என்று பெயர் கொண்டவர்கள் இரண்டு பேர். தாமஸ் கிராம்வெல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர்; 1540-இல் தலை வெட்டப்பட்டவர். ஆலிவர் கிராம்வெல் நூறு ஆண்டு கழித்து வந்தவர். நாட்டின் தலைமை அவர் கைக்கு வந்தது 1653-இல். டவ்சிங் சஃபோக்கைச் சுற்றியபோது ஆலிவர் படைத்தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

ஊர்ச் சர்ச்சுகளின் உட்புறம் உண்மையில் தலைகீழாக மாறியது ஹென்றியின் மகன், புராட்டஸ்டன்ட் அரசர் ஆறாம் எட்வர்ட் ஆண்ட 1547 முதல் 1553 வரையிலான ஆறு ஆண்டுகளில். நடுவில் உயர்ந்து நின்ற சிலுவைச் சிற்பத் தொகுதிகள் இறங்கின, சுவர் ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு ஏறியது, கல் பலிபீடங்கள் போய் மர மேஜைகள் வந்தன. இறந்தவர் ஆன்மாவுக்காகப் பூசை செய்யும் அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. பெரும்பாலும் இதைச் செய்தது படைவீரர்கள் அல்ல. மேலிடத்து உத்தரவுக்குப் பணிந்து, அந்தந்த ஊர்ப் பொறுப்பாளர்களே கூலி கொடுத்துச் செய்து, செலவை ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

வெறும் கல்லைப் பார்த்து 'அந்தக் கால எளிமை' என்று வியப்பது

பிளைத்பர்க்கிலிருந்து சில மைலில் வென்ஹாஸ்டன். 1892-இல் அங்கே சர்ச்சைப் புதுப்பித்தபோது, நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் இடையிலான வளைவில் அடைத்திருந்த வெள்ளையடித்த பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை. காலையில் பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து, உள்ளிருந்து இறுதித் தீர்ப்பு ஓவியம் எட்டிப் பார்க்கிறது: ஆன்மாக்களை நிறுக்கும் தராசு, வாயைப் பிளந்த நரகம், அம்மணமாக எழுந்து வரும் இறந்தவர்கள். பலகையில் சில இடங்கள் மட்டும் வரையப்படாமல் மனித உருவ நிழலாக நிற்கும். சிலுவையில் இயேசு, இருபுறம் மரியாள், யோவான் ஆகியோரின் சிலைகள் அங்கேதான் பொருத்தப்பட்டிருந்தன. சிலைகள் போய்விட்டன, அவை நின்ற இடம் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்த வெற்று நிழல்கள்தான் முழு ஓவியத்தையும்விடப் பெரியவை.

ஆக, இடைக்காலச் சர்ச் என்பது சாம்பல் நிறக் கல்லும் அமைதியும் அல்ல. சுவரெல்லாம் பூச்சு, பூச்செல்லாம் ஓவியம், சிலைகளுக்கு முன் மெழுகுவர்த்தி. ஓவியத்தை மறைக்க அடித்த சுண்ணாம்பே பல இடங்களில் அதைக் காப்பாற்றியும் கொடுத்தது. பழைய பூச்சைச் சுரண்டிக் கல்லைத் துருத்த வைத்தது பெரும்பாலும் விக்டோரியா காலத்துத் திருப்பணி. 19-ஆம் நூற்றாண்டில் 7,000-க்கும் மேற்பட்ட சர்ச்சுகள் இப்படிப் 'புதுப்பிக்க'ப்பட்டன. அந்தச் சுரண்டலைப் பார்த்துக் கொதித்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 'சுரண்டாதே சங்கம்' என்பதே அதன் செல்லப்பெயர். பிளைத்பர்க் சர்ச் இடிந்து விழும் நிலையில் 1881-இல் மூடப்பட்டபோது, அதை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதில் இந்தச் சங்கமும் தலையிட்டது. இன்று அங்கே காணும் வெளிறிய வெளிச்சமும் தேய்ந்த தரையும் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஊரில் காசில்லாதது இன்னொரு காரணம்.

முழுக் கட்டடத்துக்கும் ஒரே தேதி போடுவது

'12-ஆம் நூற்றாண்டு சர்ச்' என்று தகவல் பலகை சொன்னால் எந்தப் பகுதி என்று கேளுங்கள். ஹெரஃபர்ட்ஷையரில் கில்பெக் போல, 1140 வாக்கில் கட்டியபடியே பெரும்பாலும் நிற்கும் சர்ச்சுகள் அபூர்வம். மற்றவை ஒட்டும் வெட்டுமாக வளர்ந்தவை. சஃபோக்கின் லாங் மெல்ஃபர்ட் சர்ச்சின் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டு. நன்கொடையாளர் பெயர்களைச் சொல்லி 'இவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று வெளிச்சுவரில் சிக்கிமுக்கிக் கல் பதித்து எழுதியிருக்கிறார்கள்; துணி வியாபாரத்தில் வந்த காசு. ஆனால் எல்லோரும் படம் பிடிக்கும் அந்தக் கோபுரம் 1903-இல் முடிந்தது. பழையதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னல் கொண்டுபோய்விட்டது.

வட்ட வளைவைக் கண்டதும் 'நார்மன்', அதாவது 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் கட்டியது, என்று முடிவுகட்டுவதும் இதே ரகம். நார்த்தாம்டன்ஷையரின் பிரிக்ஸ்வொர்த்தில் இருக்கும் வட்ட வளைவுகள் நார்மன்கள் வருவதற்குச் சில நூற்றாண்டு முந்தியவை. ரோமானியர் விட்டுச்சென்ற செங்கல்லைப் பொறுக்கிக் கட்டியவை. நார்மன் வாசல் ஒன்று நிஜமாகவே நார்மனாக இருந்தாலும், அது நிற்கும் சுவர் அப்படி இருக்க வேண்டியதில்லை. பக்கக் கூடம் சேர்த்தபோது பழைய வாசலைக் கல் கல்லாகக் கழற்றிப் புதுச் சுவரில் பொருத்துவது வழக்கம். நல்ல வேலைப்பாட்டை யார் தூக்கிப் போடுவார்கள்? வழிகாட்டி நூல்களில் வரும் 'ஏர்லி இங்கிலிஷ்', 'டெக்கரேட்டட்', 'பெர்ப்பெண்டிகுலர்' என்ற பாணிப் பெயர்களும் கட்டியவர்கள் வைத்தவை அல்ல. 1817-இல் தாமஸ் ரிக்மன் என்ற கட்டடக்கலைஞர் வகுத்தவை. சாளரத்தின் வயதை ஊகிக்க உதவும். சர்ச்சின் வயதுக்கு அவை சாட்சி ஆகாது.

1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் ஊரில் சர்ச் இருந்ததாகப் பதிவு இருக்கிறதா? மகிழ்ச்சி. அது இதே கட்டடம் என்று அந்தப் பதிவு சொல்லவில்லை. எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் மரச் சர்ச்சை 845-இல் கட்டியது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மரத்தின் வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அந்த ஓக் மரங்கள் 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இருநூறு வயது குறைந்தும், நாட்டின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று என்ற பெயர் அதற்குப் போகவில்லை.

வளைந்த சுவருக்கு ஞானப் பொருள் தேடுவது

பல சர்ச்சுகளில் நடுக்கூடத்தின் அச்சும் பீடப் பகுதியின் அச்சும் நேர்கோட்டில் இருக்காது. பீடப் பகுதி சற்றே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். 'சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் குறிக்க' என்பார்கள். அழகான கற்பனை. இடைக்கால ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. நடுக்கூடம், அதாவது நேவ், ஊர் மக்கள் பொறுப்பு. பீடப் பகுதியான சான்சல், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசம பாகத்தை வாங்கும் ரெக்டரின் பொறுப்பு. பல ஊர்களில் அந்த ரெக்டர் எங்கோ இருந்த ஒரு மடம். இரண்டு பணப்பை, இரண்டு காலம், பழைய கட்டடத்தை இடிக்காமல் அதைச் சுற்றிக் கயிறு பிடித்து அளவெடுத்த கொத்தனார்கள். கோணம் பிசகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஊர் செழித்த இடத்தில் நடுக்கூடம் வானளாவ, பீடப் பகுதி குட்டையாக நிற்பதும் இதனால்தான். இது செத்துப்போன சட்டமும் அல்ல. வாரிக்ஷையரின் ஆஸ்டன் கான்ட்லோவில், ரெக்டரின் பழைய உரிமை ஒட்டிய நிலத்தை வைத்திருந்த குடும்பம் பீடப் பகுதியின் பழுதுச் செலவைக் கட்ட வேண்டும் என்று 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கடைசியில் வந்த தொகை 1,80,000 பவுண்டுக்கு மேல். வக்கீல் செலவு தனி.

வாசலில் சொல்லப்படும் மற்ற கதைகள்

காலைக் குறுக்கே போட்டுப் படுத்திருக்கும் வீரர் சிலை என்றால் சிலுவைப்போருக்குப் போனவர் என்பது பொய். போகாதவர்களும் அப்படிப் படுத்திருக்கிறார்கள், அது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் பாணி. தாழ்வான சின்னச் சாளரம் தொழுநோயாளிகள் பூசை பார்க்க வைத்தது என்பதும் நம்பும்படி இல்லை. அவர்களைக் கல்லறைத் தோட்டம் வரை யார் விட்டிருப்பார்கள்? பூசையின்போது அடிக்கும் மணி வெளியே கேட்கத் திறந்தது என்ற விளக்கம் பொருந்துகிறது. கூரையின் கீழ் இருக்கும் விகாரமுகம் எல்லாம் கார்காயில் அல்ல. வாய் வழியே மழைநீரைக் கொட்டினால்தான் கார்காயில். கில்பெக்கில் கூரை விளிம்பைத் தாங்கும் நாயும் முயலும் கொட்டுவதில்லை.

வயல் நடுவே தனியாக நிற்கும் சர்ச்சைக் காட்டி, '1348 கொள்ளைநோயில் ஊரே அழிந்தது' என்பார்கள். சில இடங்களில் நோய் ஊரைப் பலவீனமாக்கியது உண்மை. ஆனால் பெரும்பாலும் நிலச்சுவான்தார் ஆட்டுக்காகக் குடியானவர்களை வெளியேற்றியிருப்பார், பிரபு தன் மாளிகைத் தோட்டத்துக்காக ஊரை நகர்த்தியிருப்பார், அல்லது மக்களே பெருவழி ஓரம் போயிருப்பார்கள். எலியைவிட ஆடு காலி செய்த ஊர்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

போகும்போது பைனாகுலர் எடுத்துப் போங்கள். உள்ளே நுழைந்ததும் பீடத்தைப் பார்க்காமல், திரும்பிக் கோபுரத்தின் கிழக்குச் சுவரைப் பாருங்கள். தலைகீழ் 'வி' போல ஒரு கோடு தெரிந்தால், இப்போதைய கூரைக்கு முன்பு தாழ்வாக இருந்த பழைய கூரை சாய்ந்த இடம் அது. பிளைத்பர்க்கில் அதற்குப் பிறகு பெஞ்சு முனைகளில் செதுக்கிய பாவங்கள்: படுக்கையை விட்டு எழ மனமில்லாத சோம்பல், தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெருந்தீனி. தேவதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து வலிக்கும்.