வளைகுடாவிலிருந்து வந்த பழைய லேப்டாப்: விண்டோஸ் லைசென்ஸைச் சோதிப்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பல வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப் ஒன்று இருக்கும். கம்பெனி கழித்துவிட்ட மெஷின். தம்பியின் கல்லூரிப் படிப்புக்கோ கடைக் கணக்குக்கோ ஊருக்கு வந்திருக்கும். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஒரு வரி வந்துவிடும். கடைக்குக் கொண்டுபோனால் பென்டிரைவைச் செருகி ஐந்து நிமிடத்தில் 'சரி' செய்து கொடுப்பார்கள். அதற்கு முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் செட்டிங்ஸைத் திறந்து சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். 'ஆக்டிவ்' என்று காட்டினாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். ஆக்டிவேட் ஆகியிருப்பது வேறு, லைசென்ஸ் இருப்பது வேறு.

அடுத்து, விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஐந்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி இருக்கும் பட்டனில் உள்ள சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடி கழித்து ஒரு பெட்டி திறக்கும். அதில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள்.

'ஓஇஎம்' என்று தொடங்கினால் மெஷினோடு வந்த லைசென்ஸ். 'ரீடெயில்' என்றால் தனியாக வாங்கியது. விற்பவரிடம் பில் கேளுங்கள். 'வால்யூம்', அதோடு 'கேஎம்எஸ் கிளையன்ட்' என்று இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அது ஒரு நிறுவனம் மொத்தமாக எடுத்த லைசென்ஸ். அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் பேசித்தான் அது உயிரோடு இருக்கும். கீழே காலாவதி நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும். முழுதாக 2,59,200 நிமிடம், அதாவது 180 நாள். துபாய் ஆபீஸ் நெட்வொர்க்கை விட்டு ராமநாதபுரம் வந்த மெஷின் அந்த 180 நாளுக்குள் ஆக்டிவேஷனை இழப்பது இதனால்தான்.

எந்தக் கம்பெனியோடும் தொடர்பில்லாத மெஷினில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டால், யாரோ கிராக் (லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆனதாகக் காட்டும் திருட்டு புரோகிராம்) போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒன்று, உள்ளேயே ஒரு புரோகிராம் போலி சர்வராக நடிக்கிறது. இல்லையென்றால் முகம் தெரியாத யாருடைய சர்வரோடோ மெஷின் பேசுகிறது. இந்தக் கிராக்குகள் உள்ளே நுழைய, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்குக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலை, அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது அங்கே இருந்தால், அந்த மெஷினில் பேங்க் வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

இத்தனைக்கும் பல கம்பெனி லேப்டாப்களின் மதர்போர்டிலேயே விண்டோஸின் அசல் கீ (லைசென்ஸ் குறியீடு) எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இதுதான் வழக்கம். கம்பெனி அதன்மேல் தன் என்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 லைசென்ஸோடு விற்ற மெஷின் என்றால், நெட் கிடைத்ததும் அந்தக் கீயை எடுத்துத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்த லைசென்ஸ் உள்ளேயே கிடக்கும்போது கிராக் எதற்கு?

நம் கரைக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் போர்டு அரித்துப்போய் மாற்ற நேர்ந்தால், அந்தக் கீயும் பழைய போர்டோடு போய்விடும். அதனால் மதர்போர்டு மாற்றிய லேப்டாப்பை வாங்கினால் லைசென்ஸ் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினா? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள், கடிதம், கணக்குத் தாள் தயாரிக்கும் லிப்ரே ஆபீஸும் கூடவே வரும். தமிழில் தட்டச்சு செய்யலாம், ஆக்டிவேஷன் என்ற பேச்சே கிடையாது. கடைக் கணக்குக்கு டேலி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் விண்டோஸ் ஓடும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள்.