செயற்கைச் சாரத்தில் எலும்புத் திசு வளர்க்கும் முறை

விபத்திலோ புற்றுநோய் அறுவையிலோ சில சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பே போய்விட்டால், அந்த இடைவெளியை உடல் தானாக நிரப்பிக்கொள்வதில்லை. அங்கே பொருத்துவதற்காக, நோயாளியின் ஸ்டெம் செல்களைச் செயற்கைச் சாரத்தில் (செல்கள் பற்றி வளர்வதற்கான துளைகள் நிறைந்த தாங்கு சட்டம், scaffold) குடியேற்றி எலும்பாக்கும் முயற்சியை ஆய்வகத்தில் முதன்முறை தொடங்கும் மாணவர்களுக்கான வழிமுறை இது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், எலும்பு மஜ்ஜை தருபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கிடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் இட்டால், எலும்பாக மாறக்கூடிய மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவற்றை, ஊடகத்தை (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றும்போது கழுவி நீக்கலாம். செல்களைப் பலமுறை பிரித்து வளர்த்தால் எலும்பாகும் திறன் குறையும் என்பதால், தொடக்கத் தலைமுறைகளையே பயன்படுத்துங்கள்.

சாரத்துக்குப் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர் ஏற்றது. அது சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகுவதால் முப்பரிமாண அச்சில் எளிதாக வார்க்கலாம். அதே காரணத்தால் கிருமி நீக்க அதை ஆட்டோகிளேவில் (உயர் வெப்ப நீராவிக் கலம்) வைக்கக் கூடாது, 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, பின் நன்றாகக் கழுவ வேண்டும். துளைகள் 300 மைக்ரோமீட்டருக்குக் குறையாமலும் ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கட்டும். நீரை விலக்கும் அதன் பரப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முன்னதாகவே பதப்படுத்தினால் செல்கள் நன்றாகப் பற்றும்.

பலரும் அவசரப்படுவது செல்களை விதைக்கும் கட்டத்தில்தான். என் கணிப்பில் முழு முயற்சியின் தலையெழுத்தும் அங்கேதான் தீர்மானமாகிறது. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்ட வில்லையான சாரம் ஒன்றுக்குச் சுமார் 5 லட்சம் செல்களை 50 மைக்ரோலிட்டர் அளவுக்குச் செறிவாக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, இன்குபேட்டரில் இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்த பிறகே மீதி ஊடகத்தை ஓரமாக ஊற்றுங்கள். மறுநாள் சாரத்தை வளர்ப்புத் தட்டின் புதிய குழிக்கு மாற்றுவதும் அவசியம். இல்லையெனில் தட்டின் அடியில் விழுந்து வளர்ந்த செல்களும் அளவீட்டில் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும்.

அடுத்து எலும்பாக்கும் ஊடகம்: டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். முதலாவது செல்களை எலும்புப் பாதைக்குத் திருப்புகிறது. இரண்டாவது கொலாஜன் உருவாக உதவுகிறது. மூன்றாவது தாது படியத் தேவையான பாஸ்பேட்டைத் தருகிறது. மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றி, 21 நாட்கள் தொடருங்கள்.

உடலில் பெரும்பாலான செல்கள் ஏதேனும் ஒரு இரத்த நுண்குழாயிலிருந்து 200 மைக்ரோமீட்டருக்குள்ளேயே வாழ்கின்றன. தட்டில் கிடக்கும் சாரத்துக்கு அந்த வசதி இல்லை. எனவே தடித்த சாரத்தின் வெளிப்புறம் மட்டும் கெட்டிப்பட, நடுப்பகுதிச் செல்கள் ஆக்சிஜனின்றி இறந்துவிடும். சாரத்தை மெல்லியதாக அமையுங்கள், அல்லது ஊடகத்தைத் துளைகளின் வழியே தொடர்ந்து பாய்ச்சும் பயோரியாக்டரில் வையுங்கள்.

முதலிரு வாரங்களில், செல்கள் எலும்புப் பாதைக்குத் திரும்புவதைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியின் அளவையும், முடிவில் அலிசரின் சிவப்புச் சாயத்தால் கால்சியம் படிவையும் சோதிக்கலாம். சாரத்தில் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் தாது கலந்திருந்தால் செல் ஒன்றுகூட இல்லாமலே அது சிவக்கும். ஆகவே செல் விதைக்காத சாரம் ஒன்றையும் அதே ஊடகத்தில் அதே 21 நாட்கள் வைத்து, அதன் அளவைக் கழித்துவிட்டு, விதைத்த சாரத்தைக் குறுக்கே வெட்டி, நடுப்பகுதியில் செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே முடிவைப் பதிவு செய்யுங்கள்.