சுகர் இருப்பவர்கள் மாம்பழம் சாப்பிடும் முறை

சித்திரை பிறந்துவிட்டால் சேலத்தில் தள்ளுவண்டி தவறாமல் மல்கோவாவும் இமாம்பசந்தும்தான். அம்மாவுக்குச் சுகர் வந்த முதல் வருஷம் மாம்பழமே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டோம். நாங்கள் வேலைக்குக் கிளம்பியதும் ஒரு முழுப் பழத்தை அறுத்துத் தின்றுவிட்டு, தோலைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையின் அடியில் போட்டிருந்தார். பார்த்தபோது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்புறம் டாக்டரிடம் கேட்டுத்தான் இந்த முறைக்கு வந்தோம்.

முதல் வேலை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குளுக்கோமீட்டரில் பார்ப்பது. சாப்பிடும் முன் 80 முதல் 130 mg/dL (மீட்டர் காட்டும் அளவு), சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழே என்பது பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. உங்கள் டாக்டர் வேறு சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால் பழம் நாளைக்கு.

அடுத்து தராசு. கண்ணளவு வேண்டாம், ஒரு நல்ல மல்கோவா அரைக் கிலோவைத் தொடும். தோல், கொட்டை நீக்கி 100 கிராம் சதை எடுங்கள், அதில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சுமார் 15 கிராம் இருக்கும். அதற்கு ஈடாகச் சோற்றில் 50 கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி, குறைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பழத்துக்காகச் சாப்பாட்டையே விட்டுவிடக் கூடாது, சுகர் சட்டென்று இறங்கிவிடும். 70-க்குக் கீழே போய், கை நடுங்கி வியர்த்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

சரி, சாப்பிடும் வரிசை. முதலில் கீரை, பொரியல், கூடவே சுண்டலோ முட்டையோ, பிறகு சோறு, கடைசியில் பழம், மென்று மெதுவாக. ஜூஸ் வேண்டவே வேண்டாம், டம்ளரில் ஊற்றினால் எவ்வளவு போகிறது என்று தெரியாது. முடித்ததும் 15 நிமிடம் நடங்கள். சேலத்து வெயிலில் மொட்டைமாடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும்.

2 மணி நேரம் ஆனதும் மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு 100 கிராமுக்கு 190-க்கு மேல் போனது, 70 கிராமாகக் குறைத்தபோது 165-இல் நின்றது. உங்கள் அளவை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

தட்டைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டுக்கும் இதே கணக்குதான், ஆனால் பழம் சாப்பிட்ட நாளில் வேண்டாம். நம் ஊர் ஜவ்வரிசி உப்புமா வயிற்றுக்கு லேசாகத் தெரிந்தாலும், அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த மாவு, அநேகமாக முழுக்க மாவுச்சத்துதான்.

ஆடியில் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடும்போது வெல்லம்தானே என்று ஒரு உருண்டையை நீட்டுவார்கள். வெல்லமும் சுகரை ஏற்றும். அம்மா நெல்லிக்காய் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறார்.