கால்பந்து வீடியோ கேமில் ஹெட்டர் அடிக்கப் பழகுவது எப்படி

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு, பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டரின் அருமையைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து விழுந்து தலையால் முட்டிப் பெங்களூரு அணிக்கு முதல் கோலைத் தந்தார். அதன் பிறகு சென்னையின் எஃப்.சி.யின் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் மைதான மூலையிலிருந்து அடிக்கப்பட்ட இரண்டு கார்னர்களில் இரண்டு ஹெட்டர் கோல்களை அடித்து ஆட்டத்தைத் திருப்ப, 3-2 என்ற கணக்கில் கோப்பை நம் ஊருக்கு வந்தது. அதே காட்சியை வீட்டுத் திரையில் ஆடிப் பார்க்க முயல்பவர்களில் பெரும்பாலோர், பந்து கம்பிக்கு மேலே பறப்பதையோ கீப்பரின் கைக்குள் சென்று அடங்குவதையோதான் காண்கிறார்கள். ஹெட்டர் என்பது பந்து தலைக்கு வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை என்று அவர்கள் நினைத்திருப்பதே இதற்குக் காரணம்.

இங்கே சொல்பவை இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. வரிசையை மனத்தில் வைத்து எழுதியவை. 2023-இல் பெயர் மாறும்வரை ஃபிஃபா என்று நாம் அழைத்துவந்த அதே விளையாட்டுதான் அது. பொத்தான்களைப் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் வழக்கமான அமைப்பின்படி குறிப்பிடுகிறேன்: வட்டம் ஷாட்டுக்கு, சதுரம் கிராஸுக்கு, அதாவது ஓரத்திலிருந்து கோலின் முன்னால் பந்தைத் தூக்கி அடிப்பதற்கு. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் வட்டத்துக்குப் பதில் பி, சதுரத்துக்குப் பதில் எக்ஸ் என்று கொள்ளலாம்.

முதலில் நேரம். பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகன் ஆடுவதை ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவனுடைய வலது கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராஸ் வந்துகொண்டிருக்கும்போது அந்த விரல் வட்டத்துக்கு மேலே அசையாமல் காத்திருக்கும். திரையில் பந்து வீரரின் தலையை நெருங்கிய பிறகே அழுத்தும். அதற்குள் பந்து அவர் தலையைக் கடந்துவிடும், அல்லது வலுவே இல்லாமல் பட்டு விழும். “பட்டனை முன்னாடியே அழுத்துடா” என்றால், “அழுத்திட்டுத்தான் இருக்கேன் மாமா” என்பான். வீரர் எழும்புவதே நீங்கள் பொத்தானை அழுத்துவதால்தான் என்பது புரியும்வரை இந்தத் தவறு போகாது. பந்து ஓரத்தில் ஓடும் விங்கரின் காலை விட்டுக் கிளம்பி, அதன் உச்ச உயரத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும் தருணத்தில் வட்டத்தை அழுத்தி, வேண்டிய அளவு வலு சேர்ந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். வீரர் இடத்தைச் சரிசெய்துகொண்டு எழும்புவதை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது முறை பதறி அழுத்துவது பலருக்கும் உள்ள பழக்கம். அதை விட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வலுவைப் பொறுத்தவரை, அழுத்தும்போது திரையில் நிரம்பும் பவர் பார் பாதிக்கு மேல் ஏறினால் பந்தும் மேலே ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் சின்னப் பெட்டிக்குள் இருந்து அடிக்கும்போது பாதியே அதிகம். பெனால்டி புள்ளி இருக்கும் 11 மீட்டர் தொலைவில் இருந்து அடிப்பதானால் கொஞ்சம் கூட்டலாம். அதற்கும் அப்பால் இருந்து ஹெட்டரில் கோல் தேடுவது வீண் ஆசை என்பது என் கருத்து, அங்கே இருந்து பந்தைச் சக வீரருக்குத் தட்டிக்கொடுப்பதே மேல்.

திசைதான் அடுத்த சிக்கல். ஃபிஃபா 21-இல் ஹெட்டரின் திசையை முழுக்க ஆடுபவரின் கையில் விட்டார்கள். அன்றிலிருந்து இடது ஸ்டிக்கை எங்கே சாய்த்திருக்கிறீர்கள் என்பதற்கு மதிப்புக் கூடிவிட்டது. கிராஸ் வரும்வரை அதே ஸ்டிக்கை ஓடுவதற்குப் பயன்படுத்துகிறோம், பிறகு அதையே குறிவைக்கவும் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஓடிய திசையிலேயே ஸ்டிக்கை விட்டுவிடுபவரின் பந்து ஓடிய திசையிலேயே போய் வெளியே விழுகிறது. எனவே வட்டத்தை அழுத்தும் அதே கணத்தில் ஸ்டிக்கைக் கம்பத்தை நோக்கித் திருப்பிவிட வேண்டும். எந்தக் கம்பம் என்று கேட்டால், பெரும்பாலும் பந்து வந்த பக்கத்துக் கம்பம் என்பேன், ஏனென்றால் கிராஸோடு சேர்ந்து மறுபக்கம் நகர்ந்துவிட்ட கீப்பர் திரும்பி வருவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும்.

நல்ல ஹெட்டருக்கு நல்ல கிராஸ் வேண்டும் என்பது பழைய செய்திதான், ஆனாலும் எத்தனை பேர் முட்டுக்கட்டையாக நிற்கும் தடுப்பாட்டக்காரரின் காலிலேயே பந்தை அடிக்கிறார்கள்! விங்கரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே சதுரத்தை அழுத்தாமல், வேக ஓட்டத்துக்கான ஆர்2-ஐ விட்டு ஓரடி தளர்ந்து, பெனால்டி பெட்டிக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகு அடியுங்கள். பெட்டிக்குள் ஒரே ஒருவர் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நிற்கிறார் என்றால் கிராஸே வேண்டாம். தூரக் கம்பத்தின் பக்கம், எதிரணியின் குள்ளமான விங் பேக்கின் (ஓரத் தடுப்பாட்டக்காரரின்) முதுகுக்குப் பின்னால் உங்கள் ஆள் ஓடிவருகிறார் என்றால் தயங்கவே வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தை மட்டும் பார்ப்பது பொதுவான பிழை. ஹெட்டிங் துல்லியம், எழும்பும் திறன், உடல் வலு ஆகிய மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும், எஃப்.சி. 24-இல் வந்த பிளேஸ்டைல்களில் (வீரர்களுக்குரிய தனித் திறன்களில்) பவர் ஹெடர், ஏரியல் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. உண்மையான மைதானமும் இதையேதான் காட்டுகிறது. 2002 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசே அடித்த ஐந்து கோல்களும் தலையால் அடித்தவை. அவர் உயரம் ஆறடியை ஒட்டியதுதான். 2019 டிசம்பரில் இத்தாலியின் சம்ப்டோரியா அணிக்கு எதிராக ரொனால்டோ 2.56 மீட்டர் உயரத்தில் பந்தை முட்டியதாகச் செய்திகள் வந்தன. கோலின் குறுக்குக் கம்பியே 2.44 மீட்டர்தான். எழும்பும் திறன் குறைந்த நெட்டையரை விட, இத்தகைய துள்ளல் உள்ள நடுத்தர உயரக்காரரே எனக்கு அதிகம் உதவியிருக்கிறார்.

கார்னர்களில் தடுப்பாட்டக்காரர்களில் சிறந்த ஹெட்டர்காரரை முன்னால் அனுப்புங்கள். அவ்வளவுதான்.

தற்காப்பில் கதை வேறு. எதிராளி கிராஸ் அடிக்கத் தயாராகும்போது விங்கரின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்காமல், பெட்டிக்குள் இருக்கும் தடுப்பாட்டக்காரரிடம் மாறி, எதிரியின் தாக்குதல்காரருக்கும் உங்கள் கோலுக்கும் நடுவே அவரை நிறுத்துங்கள். எல்2-ஐப் பிடித்தால் அவர் உடலால் அண்டைகொடுத்து இடத்தைக் காப்பார். பிறகு ஸ்டிக்கை ஓரக்கோட்டின் பக்கம் சாய்த்து வட்டத்தை நன்றாக அழுத்திப் பந்தை வெளியேற்ற வேண்டும். நடுவில் விழும்படி முட்டினால் பெட்டிக்கு வெளியே காத்திருப்பவருக்கு அது விருந்து.

இவ்வளவும் செய்த பிறகும் நேரம் தவறுகிறதென்றால் கருவிகளைச் சந்தேகியுங்கள். டிவியில் கேம் மோடு போடாமல் ஆடினால் விரலுக்கும் திரைக்கும் இடையே தெரியாத தாமதம் விழும். ஹெட்டர் போன்ற நொடிக்கணக்கு வேலைகளில்தான் அது முதலில் உறைக்கும். சித்திரை வெயிலில் வியர்வை வழியும் கையோடு ஆடும் நமக்கு ஸ்டிக் தானாக ஒருபக்கம் இழுக்கும் தொல்லையும் உண்டு. பழைய கன்ட்ரோலர் ஒன்றை ஒரு கடையில் புதியதுபோல என்னிடம் விற்றார்கள். எல்லா ஹெட்டரும் இடது கம்பத்துக்கு வெளியே போவதற்கு நான்தான் காரணம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ரிச்சி தெருவில் ஸ்டிக்கை மாற்றிய அன்றே பந்து நேராகப் போனது.

பயிற்சிக்கு எளிய கணினி எதிராளியோடு ஓர் ஆட்டம் வைத்துக்கொண்டு, கோல் எண்ணிக்கையை மறந்து, கிராஸும் ஹெட்டரும் தவிர வேறெதுவும் முயலாமல் ஆடுங்கள். தவறிய ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீரர் எழும்பியபோது பந்து எங்கே இருந்தது என்பது மட்டும் கண்ணில் பட்டால் போதும். அடுத்த கிராஸுக்கு எவ்வளவு முன்னால் அழுத்த வேண்டும் என்று விரலே கணக்குப் போட்டுக்கொள்ளும்.